அப்பாவின் நம்பர்

மோகனப்ரியாவுக்கு இருபத்திரண்டு வயது முடியும்வரை சொந்தமாக ஒரு போன் நம்பர் கிடையாது. போன் இருந்தது. நல்ல போன்தான், பெரியப்பா அசோகா ரோட்டில் அரை நாள் பேரம் பேசி வாங்கிக் கொடுத்தது. அதில் சிம் போடவில்லை. "வீட்டுல வைஃபை இருக்குது. காலேஜ்லயும் இருக்குதுங்கற. நடுவால ரோட்டுல போறப்ப யாருகூடப் பேசோணும் நீயி?" என்று கேட்டார். நடுவில் ரோட்டில் போகிற அந்த இருபது நிமிடமும் அவருடைய ஸ்கூட்டரின் பின்சீட்டில்தான் அவள் போனாள். அதனால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாராலும் முடியவில்லை.

பெரியப்பா என்று நான் சொல்வது அவளுடைய அப்பா நஞ்சுண்டசாமியை. எனக்கு அவர் நேரான உறவில்லை. எங்கள் ஊர் ஹனூருக்குப் பக்கத்தில். அவருடையது ராமாபுரம் பக்கம். எங்கள் வீட்டில் டிகிரி முடித்த முதல் ஆள் நான். மைசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, ரூம் தேடி மண்டி மொஹல்லாவுக்கு வந்து சேர்ந்தபோது, அவர் என்னைக் கடை வாசலில் நிற்கவைத்துக் கேட்ட முதல் கேள்வி, "கொலசாமி எது?" என்பது.

சொன்னேன். இரண்டு குடும்பத்துக்கும் ஒரே குலசாமி. அவர் முகம் தெளிந்துவிட்டது.

"அப்பப் பங்காளி ஆச்சு. எம் புள்ளைக்கு நீ அண்ணன் மொறை. மேல ரூமு சும்மாதான் கெடக்குது, வந்து இரு."

வேறு குலசாமியைச் சொல்லியிருந்தால் நான் கட்டிக்கொள்ளும் முறையாகிப் போயிருப்பேன். ரூம் கிடைத்திருக்காது. இப்படித்தான் நான் கவின்ராஜ், அந்த வீட்டுக்கு மாடிக் குடித்தனமும் ப்ரியாவுக்கு அண்ணனும் ஆனேன்.

பெரியப்பாவின் தொழில் சாக்கு. அரிசி மில், மாட்டுத்தீவனக் கடை, மளிகை மண்டி என்று எல்லா இடத்திலும் காலியாகிக் கிடக்கும் சணல் சாக்குகளை மொத்தமாக வாங்குவார். கடையில் கொட்டி, உதறி, கிழிசலுக்கு ஒட்டுப்போட்டுத் தைத்து, கட்டுக்கட்டாகக் கட்டி, ஹனூர், கொள்ளேகால் பக்கத்து மஞ்சள்காரர்களுக்கும் மக்காச்சோளக்காரர்களுக்கும் விற்பார். பதினைந்து வயதில் மூட்டை தூக்க மைசூருக்கு வந்தவர். இன்றைக்குக் கடை சொந்தம், வீடு சொந்தம். கடைப் பலகையில் அவர் பெயருக்குக் கீழே பெயரைவிடப் பெரிய எழுத்தில் போன் நம்பர் எழுதியிருக்கும். இருபது வருடமாக அதே நம்பர், பட்டன் போன்.

வீடு முழுவதற்கும் அந்த ஒரு நம்பர்தான். ஆதார், ரேஷன் கார்டு, பேங்க், காலேஜ், சிலிண்டர் எதை எடுத்தாலும் ஓடிபி பெரியப்பாவின் சட்டைப் பைக்குள் போய் விழும். ப்ரியா எதற்காவது விண்ணப்பம் போடவேண்டுமென்றால் அவர் எதிரில் போய் நிற்கவேண்டும்.

"நம்பர் வந்துச்சாப்பா?"

"வந்துருக்குது. எதுக்கு?"

"மார்க்ஸ் கார்டு எடுக்கறதுக்கு."

"போன மாசமே எடுத்தியே."

"அது அஞ்சாவது செமஸ்டர்ப்பா. இது ஆறாவது."

"ரண்டையும் ஒண்ணா எடுக்கறதுக்கென்ன?"

"அப்ப ஆறாவதுக்கு ரிசல்ட்டே வரலையே."

அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து, துடைத்து, மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாக வாசிப்பார். ஆறாவது எண்ணுக்கு வருவதற்குள் நேரம் முடிந்து போயிருக்கும். மறுபடியும் அனுப்பச் சொல்லவேண்டும். மறுபடியும் ஒரு "எதுக்கு". அவர் கத்த மாட்டார், அடித்ததும் கிடையாது. கேட்டதை வாங்கிக் கொடுக்காமலும் இருந்ததில்லை. எதையும் அவர் வழியாகக் கேட்கவேண்டும், அவ்வளவுதான்.

பெரியம்மா ஜோதிமணி இதைச் சிரிப்பாக எடுத்துக்கொள்வாள். "சிலிண்டர்காரன் வாசல்ல நிக்கறான், நம்பர் சொல்லுங்கறான். நான் கடைக்கு ஓடோணும். சமைக்கறது நானு, பத்த வெக்கறது நானு, கேஸு மட்டும் உங்க பெரியப்பன் பேருல எரியுது."

எனக்கும் இதில் ஒரு வேலை இருந்தது. பெரியப்பா தமிழும் கன்னடமும் படிப்பார், இங்கிலீஷ் வராது. எண்ணை மட்டும் வாசிப்பார், சுற்றி எழுதியிருப்பது புரியாது. சாயங்காலம் வேலை முடிந்து நான் படியேறும்போது, "கவினு, இதென்னொ வந்துருக்குது பாரு" என்று போனை நீட்டுவார். நான் வாசித்துத் தமிழில் சொல்வேன். உண்மையைச் சொன்னால் முதலில் எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது. ஒரு பெரிய வியாபாரி என்னிடம் வந்து கேட்கிறாரே என்று. நான் வாசித்துச் சொன்னவற்றில் பாதி ப்ரியாவின் விஷயம் என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை.

ப்ரியா கெமிஸ்ட்ரி எடுத்து பி.எஸ்.சி. முடித்தாள். கடைசி வருடத்தில் நஞ்சன்கூட்டில் இருந்து ஒரு மருந்துக் கம்பெனிக்காரர்கள் காலேஜுக்கு வந்து நேர்முகத் தேர்வு நடத்தினார்கள். பரிசோதனைக் கூடத்தில் வேலை. முப்பது பேர் உட்கார்ந்ததில் நான்கு பேரை எடுத்தார்கள், அதில் இவளும் ஒருத்தி. வீட்டுக்கு வந்து பெரியம்மாவிடம் அடுப்படியில் சொல்லிக்கொண்டிருந்ததை நானும் கேட்டேன்.

"சொட்டு சொட்டா விடணும்மா. ஒரு சொட்டுல கலர் மாறும். அங்க நிறுத்தணும். அடுத்த சொட்டு விழுந்தா அவ்வளவுதான், மொதல்லருந்து செய்யணும். எப்ப நிறுத்தறதுன்னு நான்தாம்மா பாக்கணும், வேற யாரும் சொல்ல மாட்டாங்க."

"ஆராச்சும் பக்கத்துல நின்னு பாக்க மாட்டாங்களா?"

"இல்லம்மா. அதான் சொல்றேன்."

கம்பெனியில் இருந்து கடிதம் வரும், அதைத் திறந்து ஆதார் ஓடிபி போட்டுக் கையெழுத்திட்டு அனுப்பவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். ஆதாரில் இருந்தது பெரியப்பாவின் நம்பர். ப்ரியா தினமும் சாப்பிடும்போது கேட்டாள். "ஏதாச்சும் வந்துச்சாப்பா?"

"வந்தாச் சொல்ல மாட்டனா?"

வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. படிக்குக் கீழே வைத்து பெரியப்பா போனை நீட்டினார். நான் வாசித்தேன். வேலைக்கு எடுத்திருக்கிறார்கள், இந்த இணைப்பைத் திறந்து வெள்ளிக்கிழமை மாலைக்குள் கையெழுத்துப் போடவேண்டும், போடாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும், ஷிப்டு முறைக்குச் சம்மதமென்று எடுத்துக்கொள்ளப்படும்.

"ஷிப்டுன்னா?"

"காலைல ஒரு வாரம், மத்தியானம் ஒரு வாரம், ராத்திரி ஒரு வாரம் வரும் பெரியப்பா. கம்பெனி பஸ் இருக்கும்."

"ராத்திரியா." போனை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். "செரி. நான் சொல்லிக்கறேன்."

அவர் சொல்லிக்கொள்வார் என்று நான் மேலே போய்விட்டேன்.

சனிக்கிழமை, கூடத் தேர்வான அஷ்வினி, பெரியப்பாவின் நம்பரிலேயே ப்ரியா போட்டிருந்த வாட்ஸ்அப்பில், "சைன் பண்ணிட்டியா?" என்று கேட்டதில்தான் ப்ரியாவுக்குத் தெரிந்தது. அன்றைக்குப் பெரியப்பா மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். எனக்கும் அங்கேதான் சாப்பாடு.

"கம்பெனியிலருந்து மெசேஜ் வந்துச்சாப்பா?"

"வந்துச்சு." அவர் பொய் சொல்லவில்லை. "யோசிக்கோணும்னு வெச்சிருந்தேன். நாள் போயிருச்சு."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"ராத்திரி ஷிப்டு இருக்குதாம்ல."

"இருக்குது. இன்டர்வியூலயே கேட்டாங்க. செரின்னு சொன்னேன்."

"என்னையக் கேக்காமயா?"

"அவங்க என்னையத்தானப்பா கேட்டாங்க."

பெரியப்பா சோற்றைப் பிசைந்தபடியே நிதானமாகச் சொன்னார். "பாரு அம்மிணி, நாப்பது வருசமாச் சாக்கு பாக்கறேன். கையை விட்டுப் போச்சுன்னா அடுத்த நாளே இன்னொருத்தன் முத்திரை அதுமேல விழுந்துரும். அப்பறம் எம் பேரைத் தேடுனாலும் கெடைக்காது. இங்கயே மைசூருல பகல் வேலையாப் பாத்துத் தாறேன். அவசரமென்ன?"

"நான் சாக்கு இல்லப்பா" என்று அவள் சொல்லியிருந்தால் எழுத நன்றாக இருக்கும். அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு மொட்டை மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். நான் பின்னாலேயே போய், அந்த மெசேஜை வாசித்துச் சொன்னது நான்தான் என்றேன்.

துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். "முழுசும் படிச்சுச் சொன்னீங்களாண்ணா?"

"ஆமா."

"ஷிப்டையும்?"

"ஆமா."

"சூப்பர். உங்களுக்குத்தான் இங்கிலீஷ் நல்லா வருமே."

அதற்கப்புறம் பெரியப்பா போனை நீட்டினால், "கண்ணு வலிக்குது பெரியப்பா" என்று சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு மாதமாகவா கண் வலிக்கும் என்று அவரும் கேட்கவில்லை.

ப்ரியா அந்தக் கம்பெனிக்கு ஒரு மெயில் போட்டாள். கௌரம்மா என்று ஓர் அதிகாரி பதில் எழுதினார். சங்கராந்தி கழித்து அடுத்த அணியை எடுப்போம், உன் பெயரைக் காத்திருப்போர் பட்டியலில் வைக்கிறேன், ஆனால் கையெழுத்துக்கும் பி.எப்.புக்கும் ஆதாரில் உன் சொந்த நம்பர் இருக்கவேண்டும், போன தடவை உன் அப்பாவின் நம்பர் இருந்திருக்கிறது, இந்தத் தடவையும் அப்படியே இருந்தால் நான் ஒன்றும் செய்யமுடியாது என்று கன்னடத்தில் எழுதியிருந்தார். ஜனவரி கடைசிவரை நேரம் கொடுத்திருந்தார்.

ஆதாரில் நம்பர் மாற்றுவதற்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி வரும் என்று பெரியப்பா நம்பினார். நானும் அப்படித்தான் நம்பினேன், டிகிரி படித்தவன். "எந் நம்பர் இல்லாம இந்த வீட்டுல ஒண்ணும் நகராது" என்று அவர் சொல்வதுண்டு. திமிராகச் சொல்வதில்லை, தண்ணீர் மோட்டாரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார். ப்ரியா மட்டும்தான் தபால் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பை நின்று படித்தாள். மொபைல் நம்பர் மாற்ற ஓடிபி வேண்டாம், பழைய நம்பரும் வேண்டாம், விரல் ரேகை போதும் என்று அதில் இருந்தது.

முதலில் சிம். வாங்கும்போது உறுதி செய்ய வேறு யாருடைய நம்பராவது வேண்டும் என்று கடைக்காரர் சொன்னாராம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்தாள்.

"உங்க நம்பர் ஒரே ஒரு தடவை குடுங்கண்ணா."

கொடுத்தேன். "பெரியப்பாகிட்ட நான் சொல்ல மாட்டேன் ப்ரியா."

"அவரு கேட்டாச் சொல்லுங்க. பொய் பேடா, பொய் சொல்லாதீங்க. கேக்காட்டி நீங்களாப் போய்ச் சொல்ல வேண்டாம், அஷ்டே, அவ்வளவுதான்."

அடுத்து தபால் ஆபீஸ். நானும் போயிருந்தேன். அங்கே சென்னம்மா என்று ஒரு தபால்காரம்மா, ஒரு போனும் தீப்பெட்டி அளவில் ஒரு ரேகை மிஷினும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ப்ரியா கட்டைவிரலை வைத்தாள். எடுக்கவில்லை. துடைத்து வைத்தாள். எடுக்கவில்லை. பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. சென்னம்மா அவள் கையைத் திருப்பிப் பிடித்து, வெளிச்சத்தில் பார்த்தார்.

"என்ன வேலை பண்ணுத்தியம்மா நீனு? கல்லு ஒடைக்கறியா?" அவரும் தமிழ், கன்னடம் இரண்டையும் கலந்துதான் பேசினார்.

"காலேஜ் படிச்சேன் மேடம்."

"புஸ்தகம் ஓதினா ரேகை தேயாது."

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. பத்தாம் வகுப்பிலிருந்து ப்ரியா ஸ்கூல் விட்டதும் நேராகக் கடைக்குத்தான் வருவாள். பெரியப்பா வீடு திரும்புகிறவரை அவர் கண் முன்னால் இருக்கவேண்டும் என்பது சட்டம். சும்மா உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று சாக்குத் தைக்கக் கற்றுக்கொண்டாள். கோணி ஊசியைக் கட்டைவிரலால் தள்ளி, சணல் நூலை விரலிடுக்கில் இழுத்து, ஏழு வருடம். ஊசி தள்ளுகிற விரல், சாக்கைப் பிடிக்கிற விரல், நூலை முறுக்குகிற விரல் எல்லாமே வழுவழுவென்று ஆகியிருந்தன. சின்ன வயதில் ஆதார் எடுத்தபோது இருந்த ரேகை இப்போது இல்லை.

சென்னம்மா அவளை விரட்டவில்லை. "வேலையை நிறுத்து. மூணு வாரம் கையை ஒண்ணுலயும் தேய்க்காதே, தெனமும் எண்ணெய் தடவு. தோலு வளந்தா ரேகையும் வந்துரும். பீடி சுத்தற பொம்பளைங்களுக்கும் இதைத்தான் சொல்றேன். மூணு வாரம் கழிச்சு வா" என்றார்.

டிசம்பர் கடைசி அது. மூன்று வாரமென்றால் ஜனவரி இருபதைத் தொடும். மஞ்சள் அறுவடை தொடங்கி, வருடத்திலேயே சாக்கு அதிகமாக விற்கிற மாதம்.

அங்கிருந்து நேராகக் கடைக்கு வந்தோம். கடைக்குள் போனதும் பெரியப்பா வழக்கம்போல ஒரு கட்டை அவள் பக்கம் தள்ளினார். பக்கத்தில் மல்லம்மா தைத்துக்கொண்டிருந்தார். பல வருடமாக அந்தக் கடையில் கூலிக்குத் தைப்பவர்.

"மூணு வாரத்துக்குத் தைக்க மாட்டேன்ப்பா."

"ஏன், கை வலிக்குதா?"

"வலிக்கல. ரேகை தேஞ்சிருச்சு. வளரோணும்."

"ரேகை எதுக்கு?"

இந்த இடத்தில் அவள் வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ரேஷனுக்கு என்று சொன்னால்கூட அவர் நம்பியிருப்பார். நான் அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஆதார்ல என் நம்பரைப் போடறதுக்கு. சிம் வாங்கிட்டேன். கம்பெனியில திருப்பி எடுக்கறேன்னு சொல்லியிருக்காங்க. இந்தத் தடவை மெசேஜ் எனக்கு வரோணும்."

மல்லம்மா தையலை நிறுத்திவிட்டார். பெரியப்பா சட்டைப் பையில் இருந்த போனைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு, "நம்பர் மாத்தறதுக்கு எனக்குத்தான் ஓடிபி வரும்" என்றார்.

"வராதுப்பா. ரேகை மட்டும் போதும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

"செரி, பாக்கலாம்" என்றார். அந்த "பாக்கலாம்" முடியாது என்பதற்கு அவர் சொல்கிற வார்த்தை. எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

அடுத்த மூன்று வாரமும் ப்ரியா கடைக்கு வந்தாள். வீட்டில் இருந்துகொள்கிறேன் என்று கேட்டதற்குத்தான் அவர் ஒத்துக்கொள்ளவில்லை. வந்து, கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு, ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஹனூர் பக்கத்துக் கௌதள்ளி ஊர் மஞ்சள்காரர் ஒருவருக்கு நாலாயிரம் சாக்கு ஒத்துக்கொண்டிருந்தது. லாரியில் பழைய சாக்கு வந்து இறங்கிக் கூரை வரைக்கும் ஏறியது. மல்லம்மாவும் பெரியப்பாவும் தைத்தார்கள். அறுபது வயதில் அவர் ஊசியைக் கையில் எடுத்ததை அப்போதுதான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நானும் உட்கார்ந்து தைத்தேன். என் தையலைத் தூக்கிப் பார்த்து, "மஞ்சளு போடோணும்டா இதுல. நீ தெச்சதுல தேங்காயே ஒழுகும்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அவ கை வேகம் ஆருக்கும் வராது" என்றார். அவளைப் பார்க்காமல்தான் சொன்னார். அவளுக்குக் கேட்டது.

அந்த வாரம் பெரியம்மா அவளிடம் பேசிப் பார்த்தாள். "உங்கப்பன் வெரலெல்லாம் குத்தி வெச்சிருக்குது புள்ள. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு தெச்சுக் குடேன்."

"ஒரு நாள் தெச்சா மறுபடியும் மூணு வாரம்மா."

"அவரு உன்னையத் தையுன்னு சொல்லவே இல்லியே. அதப் பாக்க மாட்டியா?"

"பாத்துட்டுத்தாம்மா இருக்கேன். தெனமும் எதுத்தாப்பல உக்காந்து பாத்துட்டுத்தான் இருக்கேன்." பாத்திரம் தேய்க்கப் போனவளை பெரியம்மா தள்ளிவிட்டாள். "அதயும் நானே தேய்ச்சுக்கறேன், போ. வெரலை வளத்து."

பெரியப்பாவும் ஒரு நாள் வேறு வழியில் வந்தார். மைசூரிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் உதவியாளர் வேலைக்குச் சொல்லி வைத்திருப்பதாகவும், பகல் வேலை, தானே கொண்டுபோய் விட்டுக் கூட்டி வருவதாகவும் சொன்னார். நல்ல வேலைதான். அவர் அலைந்து பிடித்தது. ப்ரியா முழுவதும் கேட்டுவிட்டு, "தேங்க்ஸ்ப்பா. வேணாம்" என்றாள். அந்த வீட்டில் அவருக்கு "வேணாம்" என்று யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் தண்ணீர் குடித்துவிட்டு வெளியே போனார்.

ஜனவரி இருபத்திரண்டாம் தேதி தபால் ஆபீஸுக்குப் போனோம். இடது கட்டைவிரல் எடுக்கவில்லை, வலது எடுக்கவில்லை, ஆள்காட்டி விரல் இரண்டும் எடுக்கவில்லை. மிஷினில் சிவப்பு விளக்கு வந்து வந்து போயிற்று. பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். கௌரம்மா கொடுத்த கெடு முடிய ஒன்பது நாள் இருந்தது. சென்னம்மா அவசரப்படாமல் ஈரத் துணியைக் கொடுத்து, "தொடைச்சிட்டு மோதிர விரலை வை. அழுத்தாதே, பூவைத் தொடற மாதிரி வை" என்றார். வலது மோதிர விரல். ஊசி தள்ளுவதிலும் நூல் இழுப்பதிலும் அதற்கு அவ்வளவு வேலையில்லை. பச்சை விளக்கு வந்தது.

ப்ரியா சிரிக்கவில்லை. "ஆயிதா மேடம், முடிஞ்சுதா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "ஆயிதம்மா, எந்திரி, பின்னாடி ஆளு நிக்குது" என்றார் சென்னம்மா.

நம்பர் மாறிய செய்தி நான்கு நாளில் வந்தது. கம்பெனிக் கடிதம் அதற்கும் இரண்டு நாள் கழித்து வந்தது. அன்றைக்கு வியாழக்கிழமை, நான் லீவு போட்டிருந்தேன், கடையில் சாக்கு அடுக்கிக்கொண்டிருந்தேன். சாயங்காலம் நான்கு மணிவாக்கில் ப்ரியா நடந்து வந்தாள்.

"கையெழுத்துப் போட்டுட்டேன்ப்பா."

பெரியப்பா கட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார். "எப்ப?"

"இப்பத்தான். வீட்டுல உக்காந்து."

"எப்பப் போகோணும்?"

"திங்கக்கெழம. மொத மாசம் பகல்தான். அப்பறம் ராத்திரியும் வரும், மாசத்துல ஒரு வாரம்."

"அதுக்கு நான் ஒத்துக்கலையே."

"தெரியும்ப்பா. நான் ஒத்துக்கிட்டேன். அதச் சொல்லத்தான் வந்தேன்."

மல்லம்மா குனிந்த தலை நிமிராமல் தைத்தார். நான் அடுக்கின சாக்கையே மறுபடியும் அடுக்கினேன். ப்ரியா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். அப்புறம் தரையில் உட்கார்ந்து, மல்லம்மாவிடமிருந்து ஊசியும் நூலும் வாங்கி, ஒரு சாக்கை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அத வெச்சிரு" என்றார் பெரியப்பா.

"ஏன்ப்பா?"

"கம்பெனியிலயும் வாசல்ல வெரலு வெக்கச் சொல்லுவான். தேச்சு வெச்சீன்னா உள்ளார விட மாட்டான்."

"அங்க மூஞ்சியப் பாக்கற மிஷினுப்பா."

"ஓ." அவர் அதைக் கொஞ்ச நேரம் யோசித்தார். "கண்ணாடி கிண்ணாடி போட்டிருந்தா?"

"போட்டிருந்தாலும் தெரிஞ்சிரும்."

அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கட்டுக்குப் போனார். அன்றைக்கு ஆறரை மணிவரை அவள் தைத்தாள். கௌதள்ளிக்காரர் லோடு அடுத்த நாள் போனது.

இது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இப்போது ப்ரியா பரிசோதனைக் கூடத்தில் நிரந்தரமாகிவிட்டாள். சம்பளம் அவள் கணக்கில் விழுகிறது, சிலிண்டர் நம்பரையும் பெரியம்மா அவள் போனுக்கு மாற்றிக்கொண்டாள். ராத்திரி ஷிப்டு வாரம் முழுக்கப் பெரியப்பா அவளோடு பேசுவதில்லை. அந்த வாரம் முடிந்ததும் ஒன்றும் நடக்காததுபோலப் பேசுவார். கேட்டால், "நான் இன்னும் அதுக்கு ஒத்துக்கலை" என்கிறார். அவர் ஒத்துக்கொள்ளவில்லைதான். கம்பெனி பஸ் ஒன்பதே காலுக்கு வரும், அவள் ஒன்பது மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு, "போய்ட்டு வர்றேன்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.